எண்ணூர் சாலையில் பூட்டிக்கொண்ட ஸ்டீயரிங்

எண்ணூருக்கு யாராவது ஊர் சுற்றிப் பார்க்கப் போவார்களா என்று கேட்காதீர்கள். நானும் அதற்காகப் போகவில்லை. 2009 கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டுக்காரர் இறந்துவிட்டதாக வேலூருக்குப் போன் வந்தது. அவரை மாமா என்று கூப்பிட்டுப் பழகியவன் நான். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர், வீடு எண்ணூரில். ஞாயிறு நாலரைக்கு ராகு காலம் தொடங்கும் என்பதால் அதற்குள் எடுத்துவிடுவார்கள். எடுப்பதற்கு முன் பிறந்த வீட்டிலிருந்து அக்காவுக்குக் கோடிப் புடவை போட வேண்டும். அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான்.

பஸ்ஸில் போனால் நேரமாகிவிடும் என்று ஓட்டல் வைத்திருக்கும் நண்பர் தன் புதுக் காரைக் கொடுத்தார். சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தினால் போதும், வண்டி கிளம்பிவிடும் என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவும் இல்லை, எனக்குக் கேட்கவும் தோன்றவில்லை. பத்து மணிக்குப் புடவையைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

எண்ணூர் நூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம். ராயபுரம் வரை தொல்லையில்லை. திருவொற்றியூர் தாண்டியதும் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. ஊர்ந்து ஊர்ந்து, எண்ணூருக்கு இன்னும் நாலு கிலோமீட்டர் இருக்கும்போது அடியோடு நின்றுவிட்டது. அப்போது மணி இரண்டரை. லாரிக்காரர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார்கள். நானும் எட்டிப் பார்க்க வசதியாக ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்து, ஓரமாக நிறுத்தி அணைத்துவிட்டு இறங்கினேன். அந்தக் கார்களில் அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தாலே ஸ்டீயரிங் தானாகப் பூட்டிக்கொள்ளும். அது எனக்குத் தெரியாது.

முன்னால் வழி விட்டதும் ஏறிப் பட்டனை அழுத்தினேன். விளக்கு மினுக்கியதே தவிர வண்டி கிளம்பவில்லை. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. அந்தச் சாலையில் வண்டி நின்றால் யாரும் யோசிப்பதில்லை, நாலு பேர் வந்து தள்ளிவிடுவார்கள்.

"இன்னா சார், நின்னுகினே கீறே? நியூட்ரல்ல போடு, தள்ளிவுடறோம்," என்றார் மொபெட்டை ஓரமாக நிறுத்திவிட்டு வந்த ஒருவர். அவர் பெயர் மாரி என்பது பிறகு தெரிந்தது.

தள்ளினார்கள். திரும்பியிருந்த சக்கரம் திரும்பியபடியே போய்ச் சாலையோரம் கொட்டியிருந்த பாறையில் முட்டி நின்றது. வண்டியின் பின்பாதி சாலையை மறித்தது. இப்போது ஸ்டீயரிங் ஒரு இம்மிகூட அசையவில்லை. நண்பருக்குப் போன் மேல் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஓட்டலில் கூட்டம். எடுக்கவில்லை.

புடவையை எடுத்துக்கொண்டு நடந்தாவது போகிறேன் என்று இறங்கினால் போக்குவரத்துக் காவலர் விடவில்லை. "நடுரோட்ல காரைப் போட்டுட்டு எங்க போறீங்க? பின்னாடி ஆம்புலன்ஸ் வந்தா யார் பதில் சொல்றது?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

மாரி தன் மொபெட்டை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "நாங்க தள்ளித்தான் கல்லுல மாட்டிக்கிச்சு. பொடவைய குடு நைனா, நான் எத்துகினு போறேன். எந்தத் தெரு?"

கோடியை அடுத்தவர் கையில் கொடுத்தனுப்புவதா என்று மனசு அடித்துக்கொண்டது. மணி மூன்றே முக்கால். கொடுத்தேன்.

நாலே காலுக்கு நண்பர் கூப்பிட்டார். அவர் சொன்னபடி செய்ததும் வண்டி உடனே கிளம்பியது. வீடு போய்ச் சேர்ந்தபோது தெருவில் பூ இறைந்து கிடந்தது. ஆண்கள் யாரும் இல்லை. அக்கா புதுப் புடவையைத் தோளில் போட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

"நாழியாச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரங்க கோடி போட வந்தாங்கடா. அப்பதான் ஒருத்தர் ஓடி வந்தாரு. யாருன்னு கேட்டதுக்குப் பொறந்த வூட்டுலேர்ந்து வரேன்னாரு. பொடவைய என் மேல போட்டுட்டு என்கூட உக்காந்து அழுதாரு. இப்ப சுடுகாட்டுக்கும் கூடவே போயிருக்காரு," என்றாள். பிறகு, "கருமாதிக்கு அவரையும் கூட்டிட்டு வா. அவரு இல்லாம நீ மட்டும் வராதே," என்றாள்.

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

எண்ணூர் போகிறவர்கள் சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்து எண்ணூர் ஸ்டேஷனில் இறங்குங்கள். சாலையை நம்பாதீர்கள். இரவல் வண்டியானால், எப்படிக் கிளப்புவது என்பதோடு கிளம்பாவிட்டால் என்ன செய்வது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டன் கார் ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டால் தள்ளவே தள்ளாதீர்கள். சக்கரம் எதிலாவது முட்டியிருந்தால் பின்னால் கொஞ்சம் இழுக்கச் சொல்லுங்கள். பிரேக்கை மிதித்து, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் அசைத்துக்கொண்டே பட்டனை அழுத்துங்கள். திறந்துகொள்ளும். ஒரு நிமிஷ வேலை. அது தெரியாததால் என் மாமாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை நான் பார்க்கவில்லை. மாரி பார்த்தார்.