ரங்கூனிலிருந்து ஒரு போன்

ஆவடி ரயில் நிலையத்துக்கு வெளியே பர்மா நூடுல்ஸ் விற்கும் ஓர் அத்தோ வண்டி. கடைக்கார அக்கா ரங்கூனில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். நூடுல்ஸைப் பிசைந்து என்னிடம் தந்துவிட்டு, கையைத் துணியில் அழுந்தத் துடைக்கிறார். கண் மட்டும் போனைவிட்டு நகரவில்லை.

"என்னக்கா ஆச்சு?"

"என் தம்பி ரங்கூன் ஜெயில்ல கீறான். மிலிட்டிரிய எதுத்து சண்ட போட்டு ஒளிஞ்சுகினு இருந்த பசங்களுக்குச் சோறு போட்டான்னு தூக்குத் தண்டனை குடுத்துட்டாங்க. எப்ப தூக்குல போடுவாங்கன்னு ஊட்டுக்குச் சொல்ல மாட்டாங்க. இன்னிக்கு அம்மா ஜெயிலுக்குப் பார்சல் எடுத்துகினு போயிருக்கு. கேட்ல வாங்கிக்கினா உசுரோட கீறான். திருப்பிக் குடுத்துட்டா…"

போன் அடிக்கிறது. திரையில் 'அம்மா'.

"நீ எடு நைனா, என் கையெல்லாம் எண்ணெய்" என்று, துடைத்த கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறார்.