பதினேழாவது வளைவும் ஓர் எலுமிச்சம்பழமும்

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஓர் அரிசிச் சாக்கு ஒன்பது வருடங்களாகக் கிடந்தது. அதற்குள் நான்கு கார் ஸ்பிரிங்குகள். முன்சக்கரங்களுக்கு உரியவை இரண்டு, பின்சக்கரங்களுக்கு உரியவை இரண்டு. பின்னவற்றில் ஏழு சுற்று, அதில் சந்தேகம் இல்லை. முன்னவற்றில் ஐந்தரை. ஐந்தேகால் என்றும் ஒருமுறை எண்ணியிருக்கிறேன். எந்த முனையிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்துக் கால் சுற்று கூடுகிறது, குறைகிறது. இரும்புத் துண்டில் கால் சுற்றுக்கே இவ்வளவு குழப்பம் என்றால், மற்றதை நான் எப்படி நிச்சயமாகச் சொல்வேன் என்றுதான் இதை எழுத உட்காரும்போதும் தோன்றுகிறது.

ஸ்பிரிங்குகள் என் மைத்துனனுடையவை. என் மனைவியின் ஒரே தம்பி. தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் அவனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வளர்த்தவள் என் மனைவிதான். அவன் படித்து, புலாவ் செபாங்கில் ரயில் சிக்னல் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்து, கல்யாணம் செய்து, ஒரு பெண் பிள்ளைக்குத் தகப்பனான பிறகும், அக்கா சரி என்று சொல்லாமல் ஒரு மேசை நாற்காலிகூட வாங்கமாட்டான். அவனுக்கு இருந்த ஒரே ஆசை அந்தச் சிவப்பு வண்டி. மூன்று கதவு, குட்டையான உடம்பு, சீறுகிற எஞ்சின். பழைய வண்டிதான். ஆனால் அதைத் துடைக்கிறபோது அவன் முகத்தைப் பார்த்தால் குழந்தைக்குத் தலை துவட்டுவது போல இருக்கும்.

சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். நெடுஞ்சாலையில் வராமல், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து வரும் சின்ன ரோட்டில் வருவான். அதில் இருபத்து மூன்று வளைவுகள். பதினேழாவது வளைவில் மர வேர்கள் தாரைத் தூக்கிவிட்டிருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் தோட்டத்தில் முப்பத்து நான்கு வருடம் கிராணியாக இருந்தவன். வெட்டிப்போட்ட செம்பனைக் குலைகளை வரிசை வரிசையாக எண்ணி எழுதுவதே என் வேலை. வேலை போனது, எண்ணுவது போகவில்லை.

ஒரு ஞாயிறு அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினான். "அக்கா, வண்டி வளைவுல ரொம்பச் சாயுதுக்கா. ஸ்டேரிங்கத் திருப்பினா முதல்ல சாஞ்சிட்டு அப்புறந்தான் திரும்புது. மூக்கு வெளிய வெளிய போவுது. வேற ஸ்பிரிங் செட்டு போடணும்."

"அதைப் போட்டா இன்னும் வேகமா ஓட்டுவே."

"வேகத்துக்கு இல்லக்கா. நிதானத்துக்குலா."

என் மனைவி நம்பவில்லை. என் பக்கம் கையைக் காட்டினாள். "சரி, போடறதுக்கு முன்னால ஒருக்கா, போட்டப்புறம் ஒருக்கா, அத்தான் கூட உக்காந்து எண்ணிட்டு வரட்டும். நிதானம்னு அவரு சொன்னா சரி. மனுஷனுக்கு வேற என்ன தெரியும், எண்ணத்தான் தெரியும்."

எதை எண்ணுவது என்பது எனக்கே விடப்பட்டது. அந்த வண்டியில் பயணிக்கு முன்னால், டாஷ்போர்டில், ஆழமில்லாத ஒரு தட்டு உண்டு. அதில் பாசாரில் வாங்கிய ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தேன். வண்டி சாய்ந்தால் பழம் உருளும். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போனால் ஒன்று. மணிக்கு அறுபதுக்கு மேல் போகக்கூடாது என்று சொல்லிவிட்டு, நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டேன். பழைய ஸ்பிரிங்கில் இருபத்து மூன்று வளைவுக்கு நாற்பத்தொரு உருளல். வேர் தூக்கிய இடத்தில் வண்டி ஒரு முறை அமுங்கி எழுந்தது, அவ்வளவுதான். நான் அதை எழுதவில்லை. அது உருளல் இல்லையே.

வண்டி பழுதுபார்க்கும் பெங்கெலில் இருந்த ஃபோர்மேன் அவனுக்கு வேறொரு வழி சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். பழைய ஸ்பிரிங்கே இருக்கட்டும், அதிர்வைத் தாங்கும் அப்சாபரை மட்டும் புதிதாக மாற்றி, பின்னால் சாய்வைத் தடுக்கும் குறுக்குக் கம்பியைக் கொஞ்சம் தடிமனாகப் போட்டால் பாதிச் சாய்வு போய்விடும் என்றாராம். மைத்துனனுக்கு அது பிடிக்கவில்லை. அவன் குட்டை ஸ்பிரிங்கும், தலையில் திருகு வைத்த கெட்டியான அப்சாபரும் சேர்ந்த முழு செட்டைத்தான் போட்டான். திருகத் திருக இறுகும்; மொத்தம் பதினாறு 'டிக்'. பன்னிரண்டில் நிறுத்தினான். வண்டி இரண்டு விரல் தாழ்ந்தது.

இரண்டாவது ஓட்டத்துக்கு முன்னால் வண்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டான். நான்கு சக்கரத்துக்கும் நான்கு பழம் நசுக்கி, ஐந்தாவது பழத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து டாஷ்போர்டுத் தட்டில் வைத்திருந்தான். "இந்தப் பழமே இருக்கட்டும் அத்தான். சாமி பழம், பொய் சொல்லாது" என்றான். நானும் சரி என்றேன். புறப்பட்டோம். வண்டி, ஸ்டேரிங்கைத் திருப்பின கணமே திரும்பியது. சாய்வே தெரியவில்லை. ஆனால் ரோட்டில் கிடந்த சுள்ளிகூட என் முதுகெலும்புக்கு வந்து சொல்லிவிட்டுப் போனது. முதல் பத்தொன்பது வளைவுகளில் பழம் அசையவே இல்லை. கடைசி நான்கில் மட்டும் ஆறு முறை உருண்டது. ஏன் கடைசி நான்கில் மட்டும்? அந்தக் கேள்வியை நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பக்கத்திலேயே 'டயர் சூடு?' என்று பதிலும் எழுதிவைத்தேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்: "நாற்பத்தொண்ணு ஆறாயிடுச்சு." அவள் அன்றைக்குத் தம்பிக்கு இரண்டாவது முறை பாயசம் ஊற்றினாள். அவன் பழைய ஸ்பிரிங்குகளைச் சாக்கில் கட்டி என்னிடம் கொடுத்தான். "தூக்கிப் போட்டுடாதீங்க அத்தான். எதுக்கும் இருக்கட்டும்."

எதுக்கும் என்றால் எதற்கு? அப்போது கேட்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து, மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில், பதினேழாவது வளைவில் வண்டி வழுக்கிச் செம்பனைக் காட்டுக் கால்வாயில் இறங்கியது. அவனுடைய இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. வண்டியை இழுத்து வந்த ஃபோர்மேன் என்னிடம் சொன்னார்: "இந்த செட்டு நல்ல ரோட்டுக்கு ராஜா, ஐயா. ஆனா வேர் தூக்கின ரோட்டுல டயர் குதிக்கும். குதிக்கிற நேரம் தரை கையில இல்லலா. மழை வேற."

ஆஸ்பத்திரியில் நான் அவன் கட்டிலருகே உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனாகவே சொன்னான்: "நீங்க சரியாத்தான் எண்ணினீங்க அத்தான்." அப்புறம் தண்ணீர் கேட்டான்.

அதற்குப் பிறகு கிளட்சை மிதிக்க அந்தக் கால் ஒத்துழைக்கவில்லை. வண்டியைப் பழுதுபார்த்து, கூடாரத் துணி போட்டு மூடி, ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் எஞ்சினை மட்டும் ஓடவிடுவான். யாருக்கும் விற்கவில்லை, செட்டையும் மாற்றவில்லை. ஏழு வருடம் இப்படி. இரண்டு வருடங்களுக்கு முன் மாரடைப்பில் போய்விட்டான். பிறகு எஞ்சினை ஓடவிடும் வேலையை அவன் மகள் எடுத்துக்கொண்டாள்.

அவளுக்குச் சென்ற மாதம் மஸ்ஜித் தானாவில் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்தது. புலாவ் செபாங்கிலிருந்து தினமும் போகவேண்டும், அப்பா வண்டியில்தான் போவேன் என்கிறாள். எங்கள் சின்ன ரோடு அவளுக்கும் குறுக்கு வழி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்: "மாமா, அப்பா போட்டதையே வெச்சுக்கவா, இல்ல உங்க சாக்குல இருக்கிறத மாட்டவா? நீங்கதானே கணக்கெடுத்தீங்க. நோட்டுப் புக்கு இருக்கா?"

இருந்தது. நாற்பத்தொன்று, ஆறு. அந்த இரண்டு எண்களையும் அவளிடம் காட்ட எனக்குக் கை வரவில்லை. ஒருவனைக் கால்வாயில் இறக்கிய எண்ணை அவன் மகளிடம் எப்படிக் கொடுப்பது? "இன்னொரு தரம் ஓட்டிப் பார்க்கலாம்" என்றேன்.

மறுவாரம் வண்டியைச் சரிபார்த்து, கோயிலில் பூசை போட்டு, நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். டாஷ்போர்டுத் தட்டில் பழம், சந்தனம், குங்குமம். நான் ஏறி உட்கார்ந்து, பழத்தை நடுவில் வைக்கலாம் என்று எடுத்தேன். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தேன். 'டக்' என்று ஒரு சத்தத்தோடு கையோடு வந்தது. தட்டில் ஒரு மஞ்சள் வட்டம். காய்ந்த சந்தனம்.

"என்ன மாமா, வேர்க்குது உங்களுக்கு? ஏர்கோன் கூட்டவா?"

பத்தொன்பது வளைவு வரை அசையாத பழம். டயர் சூடு இல்லை. சந்தனம் விட்டுக்கொடுத்த இடம் அது. ஒன்பது வருடத்துக்கு முன் நான் எண்ணியது வண்டியின் சாய்வை அல்ல.

வேட்டி நுனியால் பழத்தையும் தட்டையும் துடைத்தேன். "ஓட்டும்மா" என்றேன். அவள் அறுபதில், அப்பனைப் போலவே இரண்டு கையாலும் ஸ்டேரிங்கைப் பிடித்து ஓட்டினாள். பதினாறு வளைவு முடிந்தபோது உருளல் பன்னிரண்டு; இதே கணக்கில் இருபத்து மூன்றுக்கும் பதினேழு வரும். அதாவது, சந்தனம் இல்லாவிட்டாலும் அந்த செட்டுதான் சாய்வைக் குறைத்திருக்கிறது. நாற்பத்தொன்று பதினேழானது என்று அன்று சொல்லியிருந்தாலும் என் மனைவி பாயசம் ஊற்றியிருப்பாள். அப்படியென்றால் நான் செய்தது தவறா, தவறு இல்லையா? இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே பதினேழாவது வளைவு வந்தது. பழம் உருளவில்லை. தட்டை விட்டு எகிறி என் மடியில் விழுந்தது. வண்டியின் பின்பக்கம் ஒரு கணம் காற்றில் நின்றது போல இருந்தது.

"மாமா, இது உருளல, குதிச்சிருச்சு. இதை எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?"

அதற்குக் கட்டமே இல்லை. இரண்டு ஓட்டத்திலும் நான் அதற்குக் கட்டம் போடவில்லை.

வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், நாற்பத்தொன்று, ஆறு, அவன் ஆஸ்பத்திரியில் சொன்னது. அவள் அழுவாள் என்று பயந்தேன். கியரைப் போட்டு வண்டியை ரோட்டில் ஏற்றிக்கொண்டே, "அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும் மாமா. அத்தை சரின்னு சொல்லணும்னு ஒட்ட வெச்சிருப்பாரு" என்றாள். கொஞ்சதூரம் போனதும் அவளே மாற்றிச் சொன்னாள்: "இல்ல, அவரு கண்ணு ரோட்டுலதான இருக்கும். பழத்தையா பார்ப்பாரு?"

வீட்டில் மனைவியைக் கேட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "அவன் எப்பவுமே சாமி பழத்தை அழுத்தித்தான் வைப்பான். கீழ விழக்கூடாதுன்னு. சின்ன வயசுல நாந்தான் சொல்லிக்கொடுத்தேன்."

ஆக மூன்று பதில். மூன்றும் பொருந்துகிறது. தெரிந்து செய்தான் என்றால், "சரியாத்தான் எண்ணினீங்க" என்பது மன்னிப்புக் கேட்டது. தெரியாது என்றால், என்னைத் தேற்றியது. வெறும் பழக்கம் என்றால், அது ஒன்றுமே இல்லை, தண்ணீர் கேட்பதற்கு முன்னால் சொன்ன ஒரு பேச்சு.

ஆனால் அவளுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். சொன்னேன். ஃபோர்மேன் அன்று சொன்ன வழி. சாக்கிலிருந்த ஸ்பிரிங்குகள், புது அப்சாபர், பின்னால் தடித்த கம்பி. போன சனிக்கிழமை மாட்டினார்கள். பதினேழாவது வளைவில் வண்டி அமுங்கி எழுந்து, நான்கு சக்கரமும் தரையில் போய்க்கொண்டே இருந்தது. கொஞ்சம் சாய்கிறது. சாயட்டும்.

மாடிப்படிக்குக் கீழே இப்போது அதே சாக்கில் அவன் போட்ட குட்டை ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. முன்னவற்றில் ஆறு சுற்று. ஆறேகாலாகவும் இருக்கலாம். தூக்கிப் போட மனம் வரவில்லை. எதுக்கும் இருக்கட்டும் என்று அவன் சொன்னது இதைத்தானோ என்னவோ.

திங்கட்கிழமை காலை, முதல்நாள் வேலைக்குப் போகும் வழியில் அவள் எங்கள் வாசலில் நிறுத்தினாள். அவளுடைய அத்தை கொடுத்த பழத்தை நான்தான் வண்டியில் வைத்தேன். அவள் என் மடியைப் பார்த்தாள்.

"நோட்டுப் புக்கு எங்க மாமா? எண்ணலையா?"

"இன்னிக்கு வேணாம்" என்று சொல்லி, பழத்துக்கு அடியில் சந்தனத்தைத் தடவி, தட்டின் நடுவில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினேன். நன்றாக அழுத்தினேன்.