காத்துப் பிடித்த கார்

எங்கள் காரை அப்பா விற்றதற்குக் காரணம் காத்துதான் என்று லயத்து வீடுகளில் இன்னமும் சொல்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் அவர்கள் சொல்லும் காத்து வேறு, காருக்குள் இருந்த காத்து வேறு. அந்த வித்தியாசம் எனக்கு விளங்கியது போன வருசம்தான். விளங்கி என்ன செய்ய? யாரிடம் போய்க் கேட்க வேண்டுமோ அந்த ஆள் இப்போது இல்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே, மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் ரோட்டின் கடைசியில் இருக்கிறது. ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்தவர் பென்சன் வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போனபோது தன் காரை அப்பாவுக்கு விட்டுவிட்டுப் போனார். அப்போதே அது கிழட்டுக் கார். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கப்பலில் வந்து இறங்கியதாம். கறுப்பு நிறம், உருண்ட முதுகு, அடைக்கு உட்கார்ந்த கோழி மாதிரி இருக்கும். அப்பா தோட்டத்து லொறி ஓட்டுவதை விட்டுவிட்டு அதை ஹயருக்கு ஓட்டினார். கல்யாணம், சடங்கு, ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் அதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து பிரேதம் கொண்டு வரவும் அதுதான்.

அம்மா கொழுந்து எடுக்கிறவள். கல்யாணமான புதிதில் அப்பா அவளை லொறியில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வரும்போது, "நமக்குன்னு ஒரு வண்டி வரட்டும், ஒனக்குத்தான் மொதல்ல ஓட்டக் கத்துத் தருவேன்" என்றாராம். புதுப் பெண்டாட்டியிடம் ஆண்கள் என்னதான் சொல்லமாட்டார்கள். அப்பா சொன்ன அன்றே மறந்திருப்பார். அம்மா மறக்கவில்லை. கார் வந்ததும் கேட்டாள். மழை விடட்டும் என்றார். எங்கள் ஊரில் மழை எந்தக் காலத்தில் விட்டிருக்கிறது? ஒருவழியாக விட்டதும் ரோடு சரியில்லை என்றார். ரோட்டுக்குக் கல் போட்டதும் பிரேக் சரியில்லாமல் போனது.

இந்தக் கடைசிக் காரணம் மட்டும் நிஜம். மிதித்தால் பெடல் பொதபொதவென்று தரை வரைக்கும் போய்விடும். இரண்டு மூன்று தடவை விட்டு விட்டு மிதித்தால்தான் பிடிக்கும். உள்ளே ஒரு ரப்பர் தேய்ந்து, பிரேக் ஒயில் ஓடும் குழாயில் காத்துப் புகுந்துவிட்டது என்று அப்பா கண்டுபிடித்தார். ரப்பரை மாற்றினார். புகுந்த காத்தை எடுக்க இரண்டு பேர் வேண்டும். சக்கரத்துக்கு உட்புறம் ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது. ஒருவர் அதைத் திறந்து மூட, இன்னொருவர் டிரைவர் சீட்டில் இருந்து பெடலை மிதிக்க வேண்டும். அம்மாவைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா தன் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் எடுக்கிற சேலை. தலையை வாரிப் பூவும் வைத்திருந்தாள். அப்பா சிரித்துவிட்டார்.

"பிரேக் அமுக்கறதுக்கா இம்புட்டு சிங்காரம்?"

"காருல ஒக்கார்றேன்ல. நாலு பேரு பாப்பாங்கள்ல" என்று சொல்லி அம்மா கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

அப்பா சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு, "அமுக்கு!" என்பார். "அமுக்கிட்டேன்" என்பாள் அம்மா. "புடி!" "புடிச்சிருக்கேன்." ஆணியில் செருகிய ரப்பர் குழாய் வழியாக, ஜாம் போத்தலுக்குள் ஒயில் முட்டை முட்டையாகக் குமிழி விட்டுக்கொண்டு இறங்கும். "விடு!" "விட்டுட்டேன்." நான்கு சக்கரத்துக்கும் இதே பாட்டு. நான் போத்தலைப் பார்ப்பதா அம்மாவைப் பார்ப்பதா என்று தெரியாமல் இங்கேயும் அங்கேயும் ஓடினேன். அம்மா பெடலைப் பார்க்கவே இல்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே ரோடு வளைந்து போகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டிருக்கிற காரை ஓட்டுகிறாளே என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

பிரேக் சரியாகிவிட்டது. ஓட்டக் கற்றுத் தரச் சொல்லி அம்மா மறுபடி கேட்டாள். அப்பா இந்தத் தடவை மழையையும் ரோட்டையும் இழுக்கவில்லை. "பொம்பள ஓட்டுனா நாலு பேரு சிரிப்பாங்க புள்ள. ஹயருக்கு ஒருத்தனும் வரமாட்டான்" என்றார். அம்மா கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "இன்னைக்கு எடுக்கறதுக்கு முன்னாடி பிரேக்க ஒருக்கா அமுக்கிப் பாருங்க" என்றாள். அப்பா மிதித்துப் பார்த்தார். பெடல் தரைக்குப் போனது.

மறுபடி ஆணி, குழாய், ஜாம் போத்தல். மறுபடி நீலச் சேலை. அதற்குப் பிறகு இது வழக்கமாகிவிட்டது. வாரமெல்லாம் ஒழுங்காக ஓடும் கார், ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பிரேக்கை விட்டுவிடும். அப்பா புது ரப்பரை மறுபடி மாற்றினார். குழாய் முழுக்கத் துடைத்துத் துடைத்துக் கசிவு தேடினார். தலவாக்கலை கராஜிலிருந்து சிங்கள மெக்கானிக் பாஸ் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் காருக்கடியில் அரை நாள் கிடந்துவிட்டு எழுந்து, "லீக் எங்கயும் இல்லே. சும்மா காத்துதான் வருது. எப்புடி வருதுன்னு கடவுளுக்குத்தான் தெரியும்" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

இதைப் பக்கத்துக் காம்பரா வீட்டுச் சின்னம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். போதாதா?

"ஏக்கா, வண்டில காத்துப் பூந்துருச்சாமே! பாஸே சொல்லிட்டாரு, கடவுளுக்குத்தான் தெரியும்னு. நாந்தான் அப்பவே சொன்னேனே, அந்தப் பொணத்த ஏத்துனதுல வந்த வெனையின்னு."

அப்பா அது பேய்க்காத்து இல்லை, வெறும் காத்து என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வெறும் காத்து வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை பார்த்து வருமா என்று சின்னம்மா கேட்டாள். கோயில் பூசாரி வந்து நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். பம்பருக்கு மிளகாய் கட்டினார்கள். "எதுக்கும் இருக்கட்டும்" என்று அப்பா என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அம்மா கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி நின்றாள். நல்ல பக்தி என்று நினைத்தேன்.

எனக்கு அப்போது வேறொரு விசயம்தான் பெரிதாக இருந்தது. எங்கள் வீட்டுக் கோழி கண்ட இடத்தில் முட்டை போடும். சனிக்கிழமை பின்னேரம் அம்மா காரின் பின் சக்கரத்துப் பக்கம் குந்தியிருப்பதைப் பார்த்து, "என்னம்மா செய்றீங்க?" என்று கேட்டிருக்கிறேன். "முட்டை தேடுறேன்டி" என்பாள். அங்கிருந்து ஒரு முட்டைகூடக் கிடைத்ததில்லை. இருந்தும் ஏன் அங்கேயே தேடுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடிந்தும் விடியாததுமாகக் கீழ் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி என்று ஆள் ஓடி வந்தார். அம்மா பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். அப்பா அந்த அவசரத்தில் பிரேக்கை அமுக்கிப் பார்க்கவும் மறந்து சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். சும்மா ஒரு சவாரி போகலாமே என்று நானும் முன் சீட்டில் தொற்றிக்கொண்டேன்.

கார் இறக்கத்தில் உருளத் தொடங்கியது. முதல் வளைவுக்கு முன்னால் தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து அம்மா வெளியே வந்து விழுந்தாள். பீலியிலிருந்து குறுக்குப் பாதையில் ஓடி வந்திருக்கிறாள். செருப்பில்லை, பாவாடையெல்லாம் தண்ணீர், முழங்காலில் ரத்தம். "கை பிரேக்கப் புடிங்க! கை பிரேக்!" என்று கத்தினாள். அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. அப்பா பெடலை மிதித்தார். அது தரைக்குப் போனது. கை பிரேக்கை இழுத்து, காரை மலைப் பக்கத்து மண்மேட்டில் கொண்டுபோய் முட்டினார். மற்றப் பக்கம் பள்ளம்.

எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண்ணைத் தோட்டத்து லொறியில் கொண்டுபோனார்கள், பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அம்மாதான் ரோட்டோரத்தில் உட்கார்ந்து என்னைக் கட்டிப் பிடித்தவள் விடவே இல்லை. கூட்டம் கூடிவிட்டது.

"ஒனக்கு எப்புடித் தெரிஞ்சுச்சு?" என்று அப்பா கேட்டார்.

அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் சின்னம்மா முந்திக்கொண்டாள். "ஆத்தா சொல்லிருக்கா! அவ மேல எறங்கிச் சொல்லிருக்கா! இல்லாட்டி பீலில நின்ன பொம்பளைக்கு எப்புடித் தெரியும்?" சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்பா எல்லார் முன்னாலும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அம்மா திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"என் பொண்டாட்டி புள்ளைய விட வண்டி பெருசில்ல" என்று அப்பா அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். அம்மா ஒரே ஒரு தடவை, "விக்காதீங்க. இனிமே ஒண்ணும் ஆகாதுங்க" என்றாள். "ஒனக்கு ரொம்ப நல்ல மனசு" என்றார் அப்பா.

போன வருசம் ஹட்டன் கராஜ் ஒன்றில் என் காருக்கு பிரேக் பார்க்கக் கொடுத்திருந்தேன். வேலைக்கு ஆள் வரவில்லை என்று, "மிஸ், கொஞ்சம் ஏறி அமுக்குறீங்களா?" என்று மெக்கானிக் கேட்டார். ஏறி உட்கார்ந்தேன். அமுக்கு, புடி, விடு. பழைய காரின் கதையைச் சொல்லி, கசிவே இல்லாமல் எப்படிக் காத்து வரும் என்று கேட்டேன். அவர் சக்கரத்தடியிலிருந்து தலையைக் கூட நீட்டவில்லை. "தானா வராது மிஸ். யாராச்சும் இந்த ஆணிய லேசாத் தொறந்து ஒயில ஒழுக விட்டு மூடிருப்பாங்க" என்றார். நான் பெடலில் வைத்த காலை எடுக்காமல் அப்படியே இருந்தேன். கோழியும் முட்டையும் ஞாபகத்துக்கு வந்தன. "விடுங்க மிஸ், விடுங்க" என்று அவர் கத்திக்கொண்டிருந்தார்.

அப்பா சாகும்வரை அந்தக் கதையைச் சொன்னார். "ஒங்கம்மா இல்லன்னா அன்னைக்கு நீயும் இல்ல, நானும் இல்ல" என்று ஆரம்பித்தாரென்றால் அம்மா எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுவாள். தன்னடக்கம் என்று நினைத்தோம். நான் கார் வாங்கிய பிறகு, அவள் சாகும்வரை, அவளை முன் சீட்டில் வைத்து எத்தனையோ தடவை கூட்டிப் போயிருக்கிறேன். ரோட்டைப் பார்க்காமல் என் கால்களையே பார்த்துக்கொண்டு வருவாள். பயப்படுகிறாள் என்று மெதுவாக ஓட்டினேன். பாவி, ஒரு நாளாவது இறங்கி, "நீங்க ஏறுங்கம்மா" என்று சொல்லத் தோன்றவில்லையே எனக்கு.

அப்பாவின் காரை அப்போது வாங்க வந்தவர் கந்தப்பளைக்காரர், பழைய கார்களில் பைத்தியம் கொண்டவர். அப்பா நேர்மையான மனிதர். "வண்டில காத்து இருக்கு, சொல்லிட்டேன்" என்றார். "அதுக்கென்னங்க, எடுத்துறலாம்" என்று அவர் சிரித்தார். கொடுப்பதற்கு முன் அப்பா கடைசியாக ஒரு தடவை பிரேக்கைச் சரிசெய்தார். அம்மா நீலச் சேலையோடு வந்து ஏறினாள். அமுக்கிட்டேன். புடிச்சிருக்கேன். விட்டுட்டேன். போத்தலில் குமிழி வருவது நின்றுவிட்டது.

"போதும் புள்ள, காத்துப் போயிருச்சு. எறங்கு."

"இன்னொருக்கா அமுக்கிப் பாக்கட்டுங்களா?"

"எதுக்கு? அதான் சரியாயிருச்சே."

அம்மா இறங்கினாள். கந்தப்பளைக்காரர் ஏறி வண்டியை எடுத்தார். கார் முதல் வளைவில் பிரேக் பிடித்து, அழகாகத் திரும்பி, தேயிலைக்குள் மறைந்தது. அம்மா குனிந்து சேலை மடிப்பைத் தட்டி விட்டுக்கொண்டே வெகுநேரம் நின்றாள். நல்ல சேலையில் ஒயில் பட்டுவிட்டதே என்று கவலைப்படுகிறாள் என நினைத்து, "தொவைச்சா போயிரும்மா" என்றேன்.