சிவப்புக் கோட்டுக்குக் கீழே பிருந்தா அக்கா

பிருந்தா அக்கா போய்விட்டார், நேற்று மாலை, ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமான்டிலில், விமானத்தில் இல்லை, மருத்துவமனையில், புற்றுநோயாம், அவர் சேனலைப் பார்க்கும் நம் டிஸ்கார்ட் குழுவில் ஒருவருக்கும் தெரியாது. அவர் கணவர் குழுவில் எழுதியதை இங்கே நியூ ஜெர்சியில், எடிசன் ஸ்டேஷனில் நின்று படித்தேன். ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

குட்டிக்கரணம் அடிக்கும் சிறு விமானத்தை ஓட்டிக்கொண்டே ஒரு பெண் லைவில் தமிழ் பேசுவதை அக்காவுக்கு முன் நம்மில் யார் பார்த்திருந்தோம்? எனக்குக் கணினியில் விமான சிமுலேட்டர் மட்டும்தான். அதில் செங்குத்தாக வட்டமடித்து இறங்கும்போது எஞ்சின் வெடித்துக்கொண்டே இருந்தது. லைவில் அக்காவிடம் கேட்டேன்.

"த்ராட்டிலை அப்படியே வெச்சிருக்கியா? இந்த ப்ரொப்பெல்லரோட கோணம் மாறாதுடா. டைவ்ல காத்தே புடிச்சு சுத்தும், எஞ்சினையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும். மூக்கு இறங்குறதுக்கு முன்னாடி கை இறங்கணும், பவரைக் குறைக்கணும்."

அவரே ஒருமுறை தவறினார். வட்டத்தின் உச்சியில் நம் கேள்வி ஒன்றுக்குப் பதில் சொன்னபடி கையைத் தாமதித்துவிட்டார். எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் முள், எல்லையான சிவப்புக் கோட்டைத் தாண்டியது. பேச்சை நிறுத்திவிட்டு நேராகத் தரையிறங்கினார். மறுநாள் விமான சாகசப் போட்டி, அதற்காகத்தான் அவ்வளவு பயிற்சியும்.

"அக்கா, ரெண்டு செகண்ட்தானே, யாருக்குத் தெரியப் போகுது?" என்று கெஞ்சினோம்.

"எஞ்சினுக்குத் தெரியும்ல. மெக்கானிக் பாக்காம தொட மாட்டேன். அவ்ளோ ஆசைன்னா நீங்க வந்து பறங்க, நான் கீழ உக்காந்து கமென்ட் போடுறேன்."

அவர் போட்டிக்குப் போகவில்லை.

அக்டோபரில் பக்கத்து சீட்டில் என்னை ஏற்றுவதாகச் சொல்லியிருந்தார். "வாந்தி எடுத்தா நீதான் தொடைக்கணும், இப்பவே சொல்லிட்டேன்." ஆஸ்திரேலியாவுக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டேன். உச்சியைத் தாண்டும் முன் அவர் கை பின்னால் வர, எஞ்சின் தணிகிற அந்த நொடியை அருகிலிருந்து கேட்க வேண்டும். அந்த ஒரு ஆசைதான். இனி அது நடக்காது.

அவர் தந்ததில் என்னிடம் இருப்பது ஒரு பழக்கம். மேம்பாலத்துச் சரிவில் கார் இறங்குவதற்கு முன்பே கால் ஆக்சிலரேட்டரை விட்டுவிடுகிறது. "குறை, குறை... இப்ப குடு" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மனதில் ஓடுகிறது. ஆனால் அந்தக் குரல் எங்கும் பதிவாக இல்லை. சேனலில் இருப்பவை எல்லாம் பேச்சை எடுத்துவிட்டுப் பாட்டு சேர்த்த வீடியோக்கள். லைவ்களை அவர் சேமிக்கவே இல்லை.

யாராவது ஸ்க்ரீன் ரெகார்ட் செய்திருந்தால், அரை நிமிடமானாலும், குழுவில் போடுங்கள். ஞாயிறு மாலை எல்லோரும் சேர்ந்து கேட்போம். இரைச்சலை நீக்கிவிட்டு அனுப்பாதீர்கள். எஞ்சினும் அவரும் சேர்ந்தே வேண்டும்.