வெள்ளைக் கோட்டின் இடது கை

ஓவியப் பள்ளியில் அவளைச் சோப்பு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருடமாக எண்ணெய் வண்ணப் பிரஷ்களைக் கழுவுவதுதான் அவள் வேலை. ஓவிய ஆசிரியருக்கும் அவளுக்கும் முதல் நாளிலிருந்தே ஆகாது. கழுவி வைத்த பிரஷ்ஷை எடுத்து, அவளுடைய வெள்ளைக் கோட்டின் இடது கையில் அழுத்துவார். கறை படியாவிட்டால் சுத்தம் என்று அர்த்தம். பழந்துணி கிடக்கிறதே, அதில் அழுத்தினால் ஆகாதா என்று கேட்க ஆளில்லை. பெரிய மனிதராம்!

அந்த ஆத்திரத்தை அவள் பிரஷ்ஷிடம் காட்டியதில்லை. வண்ணத்தைத் துணியில் பிழிந்து, டர்பன்டைனில் அலசி, சோப்புப் போட்டு, முடியின் அடிவரை விரலால் பிதுக்குவாள். நுரை வெள்ளையாகும்வரை விடமாட்டாள். பிறகு நுனியை நீவிக் கூராக்கி, பலகையில் படுக்க வைப்பாள். உடனே ஆசிரியர் வந்து அத்தனையையும் ஈரத்தோடு ஜாடியில் நிமிர்த்திச் செருகுவார், பார்க்க அழகாக இருக்குமாம். தண்ணீர் முடியைப் பிடித்திருக்கும் தகரப் பூணுக்குள் இறங்கும், பசை இளகும், முடி கொட்டும். பழி மட்டும் அவள் தலையில் விழும்.

அன்று பள்ளி முதல்வரையே கூட்டி வந்துவிட்டார்.

“இவ கழுவற லட்சணத்துல ஒரு பிரஷ்ஷும் உருப்படாது. வேற ஆள் போடுங்க.”

அவளுக்கு வேலை போவதைவிட, வேலை தெரியாதவள் என்ற பெயரோடு போவதுதான் பொறுக்கவில்லை.

“ஈரத்தோட நிக்க வைக்கிறதாலதான் சார் முடி கொட்டுது.”

“எனக்கே பாடமா? எப்படிக் கழுவணும்னு காட்டறேன் பாரு.”

ஜாடியிலிருந்து ஒரு பிரஷ்ஷை உருவி நீலத்தில் தோய்த்தார். டர்பன்டைனில் இரண்டு சுழற்று, நுனிக்குக் கொஞ்சம் சோப்பு, குழாயில் ஒரு காட்டு. அவ்வளவுதான்.

“சுத்தமாத்தானே இருக்கு?” என்றார் முதல்வர்.

“குடுங்க சார்” என்று வாங்கியவள், ஆசிரியரின் வெள்ளைச் சட்டைக் கையை இழுத்துப் பிடித்தாள். பிரஷ்ஷை அதில் வைத்து, அடிமுடியை அழுத்திப் பிதுக்கினாள். நீலம் மணிக்கட்டுவரை ஒழுகியது. நாலைந்து முடியும் கூடவே வந்து ஒட்டின.

“ஏய்! என்ன திமிரு?”

“சுத்தமான்னு பார்த்தேன் சார். உங்க முறைதான்.”

முதல்வர் அந்தச் சட்டையைப் பார்த்தார். பிறகு அவளுடைய கோட்டுக் கையைப் பார்த்தார். சற்றுமுன் ஆசிரியர் பிரஷ்களை அழுத்திப் பார்த்த இடத்தில் ஈரம் மட்டும்தான் இருந்தது.

“ஜாடியைக் காலி பண்ணுங்க” என்றார், ஆசிரியரிடம்.

ஆசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு பிரஷ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படுக்க வைத்தார். அறுபதுக்கு மேல் இருந்தன. அவள் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றாள்.