அரை மணி நேரத்தில் கருப்பு

சிமெண்ட் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்ப்பவன் நான். கல்லோ கரியோ, லாரி உள்ளே வந்தால் மாதிரி எடுத்துச் சோதித்து, நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சரக்கு இறங்கும். அப்படிப்பட்டவன் ஒரு நாள், "இனி இந்த வீட்டில் கெமிக்கலே கூடாது" என்று சட்டம் போட்டேன். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். பின்னால் சிரிப்பதற்கும் நிறைய இருக்கிறது.

நானும் என் மனைவியும் நாற்பதைத் தாண்டியதிலிருந்து தலைக்கு டை அடிப்பவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, கொல்லைப்புறத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பூசிவிடுவோம். ஒரு தடவை அவளுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் முகம் வீங்கி, கண்ணைத் திறக்க முடியாமல், தலையெல்லாம் நீர்க் கொப்புளம். அடித்துப் பிடித்துப் பெரம்பலூருக்கு ஓடினோம். தோல் டாக்டரம்மா பார்த்த உடனே சொல்லிவிட்டார். கருப்பு டையில் இருக்கிற பி.பி.டி. என்ற ரசாயனம் இவள் உடம்புக்கு ஆகாது.

"இனிமே ஆயுசுக்கும் டை பக்கம் போகக்கூடாதும்மா. அடுத்த தடவை இதவிட மோசமா வரும், மூச்சுகூட அடைக்கலாம். புதுசா எதத் தலையில வைக்கிறதுன்னாலும் முழங்கை மடிப்புல கொஞ்சமா தடவி, ரெண்டு நாள் பாத்துட்டு வைங்க."

அந்த ரசாயனத்தின் பெயரை மருந்துச் சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்.

அவள் இதற்காகக் கவலைப்படவில்லை. "முடிதானே, வெளுத்தா வெளுத்துட்டுப் போவுது" என்று விட்டுவிட்டாள். ஆறு மாதத்தில் முன்தலை முழுக்க வெளுத்துவிட்டது. நான் மட்டும் தனியாக ஸ்டூலில் உட்கார்ந்து எனக்கு நானே டை அடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் எனக்குத் திடீரென்று ஞானம் வந்தது. ஒரு சனிக்கிழமை பூதக்கண்ணாடியும் பிளாஸ்டிக் வாளியுமாகக் குளியலறைக்குள் புகுந்தேன். வாயில் நுழையாத பெயர் எதில் இருந்தாலும் தூக்கி எறிய வேண்டும் என்று போனில் வந்த ஒரு வீடியோவில் யாரோ பேசியதைக் கேட்டிருந்தேன். எனக்கோ அத்தனை பெயரும் வாயில் நுழைந்தன, அதுதானே என் தொழில். அதனால் பாகுபாடு பார்க்காமல் எல்லாவற்றையும் வாளியில் போட்டேன். ஷாம்பு, பற்பசை, முகப்பவுடர், அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தேய்த்துவரும் சந்தன சோப்பு.

"அது என்னங்க பண்ணுச்சு உங்கள?" என்று சோப்பைக் காட்டிக் கேட்டாள்.

"உனக்காகத்தான் இவ்வளவும்" என்றேன். அதைச் சொன்னபோது என் குரலில் தியாகம் சொட்டியது.

சோப்புக்குப் பதில் நலங்கு மாவு, ஷாம்புக்குப் பதில் சீயக்காய், அக்குளுக்குப் படிகாரம். அரியலூரில் எங்கள் தெரு போர்த் தண்ணீரில் பருப்பே ஒழுங்காக வேகாது. அந்த உப்புத் தண்ணீரில் சீயக்காய் அலசினால் பாதிதான் போகும், மீதி சிமெண்ட் தூசிபோல முடியிலேயே குடியிருக்கும். காலை ஷிஃப்டுக்குப் போனால் கேட்டில் செக்யூரிட்டி என் தலையைப் பார்த்துவிட்டு, "என்ன சார், வேலைய முடிச்சிட்டு வரீங்களா, இப்பதான் போறீங்களா?" என்பார். பரிசோதனைக் கூடத்தில் எதிர் மேஜைக்காரர் சித்திரை மாதத்தில் மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டார். அவருக்கும் இயற்கைக் காற்றின் அருமை தெரிந்துவிட்டது என்று நான் வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். என் மனைவி துணி காயப்போடப் போய்விட்டாள்.

இதெல்லாம் முன்னோட்டம்தான். என் உண்மையான இலக்கு அவள் தலை. ஆவணியில் அவளுடைய அண்ணன் மகளுக்குப் பெரம்பலூரில் கல்யாணம். அத்தை என்ற முறையில் மேடையிலேயே நிற்க வேண்டியவள். "கல்யாணத்துக்குள்ள ஒரு துளி கெமிக்கல் இல்லாம உன் முடியக் கருப்பாக்கிக் காட்டறேன்" என்று சபதம் செய்தேன். இப்படிச் செய்யச் சொல்லி அவள் கேட்கவேயில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

மருதாணியும் அவுரியும்தான் வழி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முதல் நாள் மருதாணி பூசினால் சிவக்கும், மறுநாள் அவுரி பூசினால் அதன் மேல் கருப்பு ஏறும். அதுவரை எனக்கு மட்டும் விலக்குக் கொடுத்து வைத்திருந்த டையையும் நிறுத்திவிட்டு, நரை வளர்ந்ததும் என் தலையிலேயே சோதித்தேன். அவுரிப் பொடியைக் கலந்த உடனே பூச வேண்டும். நானோ சாறு நன்றாக இறங்கட்டும் என்று கொதிக்கிற நீரில் கரைத்து ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். சாறு செத்துப்போயிருக்க வேண்டும், கருப்பு ஏறவேயில்லை. மருதாணி மட்டும் சொன்ன வேலையைச் செய்தது. என் நரையெல்லாம் கேரட் நிறமாயிற்று. மறுநாள் லாரிக்காரர்கள் மாதிரிப் பையை நீட்டும்போது சீட்டைப் பார்க்கவில்லை, என் தலையைப் பார்த்தார்கள். "வெயில்ல நிக்காதீங்க சார், இன்னும் பழுத்துரும்" என்றார் ஒருவர்.

கல்யாணத்துக்கு ரெண்டே நாள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இயற்கைப் பொருள் கண்காட்சி ஒன்று போட்டிருந்தார்கள். அங்கே பச்சை இலை படம் போட்ட பொட்டலம், 'கருப்பு மருதாணி, முற்றிலும் இயற்கை'. "அர மணி நேரத்துல கன்னங்கரேல்னு ஆயிரும் சார்" என்றார் விற்றவர். எந்த இலையும் அரை மணி நேரத்தில் முடியைக் கன்னங்கரேல் என்று ஆக்காது. இதைத் தெரிந்துகொள்ள ரசாயனம் படித்திருக்கவே தேவையில்லை. ரசாயனம் படித்த நான் ரெண்டு பொட்டலம் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் கிண்ணத்தில் கலக்கி, "உக்காரு" என்றேன்.

"டாக்டர் சொன்னாங்கல்ல, மொதல்ல கைல தடவிப் பாக்கணும்னு."

"அதெல்லாம் டைக்கு. இலைக்கு எதுக்கு டெஸ்ட்டு? ரெண்டு நாள் பாத்துட்டுப் பூச நாள் இருக்கா?" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, விரலால் ஒரு பொட்டு எடுத்து முழங்கை மடிப்பில் தடவிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். நான் கோபத்தோடு சாப்பிடாமல் படுத்தேன்.

விடிந்தபோது அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். முழங்கை மடிப்பு தீப்பட்டதுபோல் சிவந்து, கொப்புளம் வரிசையாகக் கிளம்பியிருந்தது. குப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், கடைசி வரியில், எறும்பு எழுத்தில் அதே ரசாயனத்தின் முழுப் பெயர். சந்தன சோப்பின் லேபிளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தவன் இதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. என் பேச்சைக் கேட்டு அவள் தலை முழுக்கப் பூசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூச்சுகூட அடைக்கலாம் என்று டாக்டரம்மா முதல் தடவையே சொல்லியிருந்தார்.

மறுபடி டாக்டரம்மா. அவர் என் தலையையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாரைத் திட்டுவது என்று சரியாகவே முடிவு செய்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த அவள், வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"ஏங்க, இவ்வளவும் எனக்காகத்தானா?"

"பின்ன?"

"அன்னிக்கு ஜவுளிக்கடையில, 'உங்க அம்மாவுக்கு இந்தக் கலர் நல்லாருக்கும் சார்'னு கடக்காரப் பொண்ணு என்னக் காட்டிச் சொல்லுச்சு. நீங்க வாயத் தொறக்கல. பேசாம அந்தப் புடவையவே பில்லு போடச் சொல்லிட்டீங்க. மறுநாதான் வாளியத் தூக்கிட்டு பாத்ரூமுக்குள்ள போனீங்க. அதுலேருந்து எங்க போனாலும் எனக்குப் பத்தடி முன்னாலயே நடக்கிறீங்க."

ஞானம் எங்கிருந்து வந்தது என்று மேலே எழுதாமல் விட்டதற்குக் காரணம் இதுதான். அவளுக்கு அது கேட்டிருக்காது என்று இத்தனை மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

"வெக்கமா இருந்துச்சு" என்றேன்.

"எனக்கு வெக்கமா இல்லீங்களே" என்றாள். கொஞ்சம் கழித்து, "அதுக்கு எதுக்கு என் சோப்பத் தூக்கிப் போட்டீங்க?" என்றாள். குரல் உடைந்திருந்தது. சோப்புக்காக அழவில்லை என்று எனக்கே தெரிந்தது.

கல்யாணத்துக்கு அவள் வெள்ளைத் தலையோடு, நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்தாள். கைக் கட்டு தெரியாமல் இருக்க முழங்கை வரை ரவிக்கை. மண்டப வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, அவள் இறங்கிப் புடவையைச் சரிசெய்துகொண்டு என் பக்கத்தில் வரும் வரை நின்றேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கும்பிட்டு வரவேற்று, "இவங்க...?" என்று இழுத்தார்.

"என் சம்சாரம்!" என்றேன். நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"அவருக்குக் காது நல்லாக் கேக்குதுங்க" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனாள். அவள் சிரித்தாள் என்று எழுத ஆசைதான், சிரிக்கவில்லை. அன்று முழுக்க என்னோடு நாலு வார்த்தைக்கு மேல் பேசவுமில்லை. ஆனால் நான் மொய் எழுதிவிட்டுப் பந்திக்குப் போனபோது, கூட்டத்தில் யார் யாரோ இடம் கேட்டும் கொடுக்காமல், பக்கத்து இலையில் தண்ணீர் தெளித்து உள்ளங்கையை அதன் மேல் வைத்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.