அணைக்க முடியாத கார்

எட்டு மாதமாக நான் நினைத்த இடத்தில் என் காரை அணைத்ததில்லை. காலையில் உப்புக்குளம் வீட்டு முற்றத்தில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிவிடும் அந்தப் பழைய ஜப்பான் கார். ஓடிச் சூடேறிய பின் பத்து நிமிடம் அணைத்து வைத்தால் போச்சு. எத்தனை தரம் திறப்பைத் திருப்பினாலும் கிர், கிர் என்று சுற்றுமே தவிரப் பிடிக்காது. முக்கால் மணி நேரம் ஆறினால்தான் மனம் இரங்கும். ஆகவே மீன் வாங்கப் போனாலும் மருந்து வாங்கப் போனாலும் இஞ்சினை ஓடவிட்டு, உள்ளேயே இருந்து, கண்ணாடியை இறக்கிக் குரல் கொடுப்பேன். கடைக்காரர்கள் என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார்கள். நானோ அதற்குள் சிறையிருந்தேன்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. ஒரு கராஜில் பற்றரியை மாற்றினார்கள். இன்னொன்றில் பிளக்குகளை மாற்றினார்கள். கத்தாரில் வேலை செய்யும் என் கணவர் வாட்ஸ்அப்பிலேயே நோயைக் கண்டுபிடித்துவிட்டார்: "கார்ல ஒண்டுமில்ல. நீ திறப்பைத் திருப்புற விதம் சரியில்ல." அந்த நேரம் அவர் என் கையில் கிடைத்திருந்தால் நடந்திருப்பதே வேறு.

அன்று காலை பத்தரை மணி. வெளிவேலை ஒன்றை முடித்துக்கொண்டு வந்து, நான் வேலை செய்யும் கந்தோர் முற்றத்தில் காரை அணைத்துக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். முசலியிலிருந்து நானா, என் மூத்த சகோதரர், கூப்பிட்டார்.

"உம்மா மௌத்தாகிட்டா. பகல் லுஹர் தொழுகைக்கு எடுக்கிறம். முகம் பார்க்கிறதெண்டால் கெதியா வா."

எங்களில் பெண்கள் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போவதில்லை. மையத்தை வீட்டிலிருந்து எடுப்பதற்கு முன் பார்த்தால்தான் உண்டு. பிந்தினால் உம்மாவின் முகம் எனக்கு இனி இல்லை. ஓடிப்போய்த் திறப்பைத் திருப்பினேன். கிர், கிர். ஓர் ஓட்டோவையாவது பிடித்திருக்கலாம், புத்தி வேலை செய்யவில்லை. பொனற்றைத் திறந்து இஞ்சின்மேல் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு, வெயிலில் நின்று அழுதேன்.

முக்கால் மணியில் பிடித்தது. பாலம் தாண்டி, எங்கும் நிற்காமல் ஓட்டினேன். உம்மா இருந்த நானாவின் வீட்டு ஒழுங்கை வெறும் மணல், ஒரு வாகனம்தான் போகலாம். வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டபடியே உள்ளே ஓடினேன்.

முகம் கிடைத்தது. கபன் துணியை எனக்காக மூடாமல் வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்து உம்மாவின் நெற்றியைத் தொட்டேன். சுற்றிலும் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் வெளியே இஞ்சின் சத்தம் நின்றது. நானா வந்து திறப்பை என் கையில் வைத்தார்.

"மையத்து வீட்டு வாசல்ல இஞ்சின் ஓடலாமே? நிப்பாட்டிப்போட்டன்."

பாவம், மரியாதைக்குத்தான் செய்தார். இனி முக்கால் மணிக்கு அது அசையாது. அதற்குப் பிறகு உம்மாவின் முகத்தைப் பார்த்தபடி நான் நினைத்துக்கொண்டிருந்தது காரைத்தான். அதற்காக என்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

மையத்தை வைத்த சந்தூக்கைத் தூக்கும் நேரம் வந்தது. ஒழுங்கையை என் கார் அடைத்துக்கொண்டு நின்றது. கிர், கிர், கிர். ஆறேழு பேர் தள்ளினார்கள், சில்லு மணலில் இன்னும் புதைந்தது. ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாது என்று யாரோ முணுமுணுப்பது கேட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கூனிக்குறுகிப்போனேன்.

சந்தூக்குக்குத் தோள் கொடுக்கச் சாரமும் தொப்பியுமாக நின்ற ஒருவர் என் பக்கம் குனிந்தார். சிலாவத்துறைப் பக்கம் கராஜ் வைத்திருப்பவராம்.

"காலமைல ஸ்டார்ட் வருமா?"

"ஓம், உடன வரும். சூட்டுக்குத்தான் வராது."

"அப்ப திறப்பை முழுக்கத் திருப்பாதீங்கோ தங்கச்சி. பாதியில விட்டுக் கேளுங்கோ."

பாதியில் விட்டேன். ஓதல் முடிந்து எல்லோரும் வாய்மூடி நின்றார்கள். பின்சீற்றுக்கு அடியில் இரண்டு நொடி ஒரு முனகல் கேட்டு நின்றது. எட்டு மாதத்தில் அதை நான் கேட்டதே இல்லை. கராஜ்களில் ரேடியோ பாடும், வீட்டில் கணவர் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருப்பார்.

"அது பெற்றோல் பம்ப். வேலை செய்யுது. ஆனா நிப்பாட்டின பிறகு பெற்றோலைப் பிடிச்சு வைக்கிற வால்வு பிடிக்கேல்ல. எல்லாம் பெற்றோல் தாங்கிக்குத் திரும்பிப் போக, சூட்டில குழாய்க்குள்ள ஆவி கட்டுது. பாதியில விட விடப் பம்ப் புதுசாத் தள்ளி அந்த ஆவியை வெளியேத்தும். திறப்பை மூடுங்கோ. திரும்பப் பாதி. இன்னொருக்கா." நாலாம் முறை சொன்னார்: "இப்ப முழுக்க."

பிடித்தது.

"அக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்திராதீங்கோ. அமத்திப் பிடிச்சிருங்கோ."

அவர்கள் தள்ளத் தள்ளப் பின்னுக்கு எடுத்து, ஒழுங்கை சற்று அகலும் இடத்தில் வேலியோரம் ஒதுக்கினேன். ஒதுங்கிய பிறகு அது ஓடினாலென்ன, நின்றாலென்ன? அந்த நேரம் எனக்கு அது தோன்றவேயில்லை. காலை எடுத்தால் நின்றுவிடும் என்ற பயம் மட்டும்தான் இருந்தது. மற்றப் பெண்கள் எல்லோரும் அழுதபடி வேலிப் படலைவரை வந்தார்கள். கை நீட்டினால் எட்டும் தூரத்தில், என் கண்ணாடியை உரசுவதுபோல் சந்தூக்கில் உம்மா கடந்து போனார். நான் பெடலை அமத்திக்கொண்டிருந்தேன். ஒழுங்கையில் ஒருவரும் இல்லை என்றான பிறகுதான் திறப்பைத் திருப்பிக் காரை அணைத்தேன்.